தூதுவர்களின் டுவீட்டும் நமது ஜனாஸாக்களும்

தமிழ் படித்தவர்களுக்குத் தூது புதிய விடயமல்ல. திருக்குறளில் தூதுக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனதைப் புறநானூறு பேசுகிறது. பிற்காலப் புலவர்கள் கிளியையும் நெஞ்சையும் தமிழையுங்கூடத் தூதுவிட்டுச் சிற்றிலக்கியம் செய்தார்கள். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் தூதரை இரண்டு வகையாகப் பிரிப்பார். தானே வகுத்துச் சொல்பவன் ஒருவன், சொல்லி அனுப்பியதைச் சொல்பவன் மற்றவன். இந்த இருவரும் ஒரு விடயத்தில் ஒத்தவர்கள். அவர்கள் பேசுவது ஓர் அரசனின் அவையில், அந்த அரசனின் காதுக்கு. வாசலுக்கு வெளியே நிற்கும் குடிமக்களுக்கு அந்தப் பேச்சு கேட்காது.

இன்றைய தூதுவர் அவையை விட்டு வாசலுக்கு வந்துவிட்டார். ஒரு நாட்டின் பிரதமரோ வெளிவிவகார அமைச்சரோ தூதுவரோ இன்னொரு நாட்டைப் பற்றி டுவிட்டரிலும் பேஸ்புக்கிலும் பகிரங்கமாக எழுதுகிறார். அரசிடம் சொல்ல வேண்டியதைச் சில வேளை மக்களிடம் சொல்கிறார், அரசு கேட்கட்டும் என்பதற்காக. மக்களிடம் சொல்ல வேண்டியதைச் சில வேளை அரசிடம் சொல்கிறார், மக்கள் பார்க்கட்டும் என்பதற்காக. டுவிட்டர் 2006இல் தொடங்கியது. 2023 ஜூலையில் எக்ஸ் என்று பெயர் மாறியது. நம்மவர் இன்னும் டுவிட்டர் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

இதைப் பற்றி நமது சஞ்சிகையில் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். உயர்தர வகுப்பில் ஒரு மாணவன் என்னிடம் கேட்ட கேள்விதான் காரணம். "சேர், இம்ரான் கான் டுவீட் போட்டதாலதானே நம்மட மையித்துகள அடக்க விட்டாங்க?" என்றான். வகுப்பில் பாதிப் பேர் ஓம் என்று தலையாட்டினார்கள். கொரோனாக் காலத்தில் அவர்கள் சின்னப் பிள்ளைகள். அவர்களுக்கு அந்த வரலாறு வட்ஸ்அப்பில் சுற்றிய படங்களாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு சமூகத்தின் துயரம் ஒரேயொரு டுவீட்டாகச் சுருங்கிப்போவது நல்லதல்ல. அதற்காக அந்த டுவீட்டுக்கு ஒரு பெறுமதியுமில்லை என்று தள்ளிவிடுவதும் சரியல்ல. அந்தப் பிள்ளைக்கு முழுப் பதில் சொல்வதற்கு, அரசுகள் சமூக ஊடகத்தை எப்படிப் பயன்படுத்துகின்றன என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

பழைய வழியும் புதிய வழியும்

தூதுவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு உலக நாடுகள் ஒப்புக்கொண்ட சட்டம் ஒன்று இருக்கிறது. அது 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை. அதன் 41ஆவது உறுப்புரை இரண்டு விடயங்களை வற்புறுத்துகிறது. தூதுவர்கள் தாம் பணிபுரியும் நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது. அவர்களது உத்தியோகபூர்வ அலுவல்கள் அந்நாட்டின் வெளிவிவகார அமைச்சின் ஊடாகவோ அல்லது இணங்கிக்கொண்ட வேறோர் அமைச்சின் ஊடாகவோ நடைபெற வேண்டும். அமைச்சுக்கு ஒரு குறிப்பு எழுதுவார்கள். அமைச்சு பதில் எழுதும். பொதுமக்கள் அதைக் காண மாட்டார்கள். இதுதான் பழைய வழி.

சமூக ஊடகம் இந்த வழியை மூடவில்லை. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வழியைத் திறந்தது. இந்திய வெளிவிவகார அமைச்சு 2010இலேயே மக்கள் தொடர்புக்காக ஒரு டுவிட்டர் கணக்கைத் தொடங்கியது. இன்று கொழும்பிலுள்ள பெரிய தூதரகங்கள் எல்லாமே டுவிட்டரிலும் பேஸ்புக்கிலும் இருக்கின்றன. சில தூதரகங்கள் சிங்களத்திலும் தமிழிலும்கூட எழுதுகின்றன. அமைச்சுக்கு எழுதும் குறிப்பைத் தமிழில் எழுதத் தேவையில்லை. தமிழில் எழுதப்படும் பதிவு நம்மை நோக்கியே எழுதப்படுகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும்.

அரசுகள் இந்த வழியைப் பெரும்பாலும் ஐந்து காரியங்களுக்குப் பயன்படுத்துகின்றன.

முதலாவது, தன் மக்களுக்கு உதவுவது. 2014 முதல் 2019 வரை இந்திய வெளிவிவகார அமைச்சராக இருந்த சுஷ்மா சுவராஜ் இதில் பேர்போனவர். வெளிநாட்டில் கடவுச்சீட்டைத் தொலைத்தவர்களும் வேலைத்தலத்தில் அகப்பட்டுக்கொண்டவர்களும் அவருக்கு டுவிட்டரில் எழுதுவார்கள். அவர் தூதரகத்தை முடுக்கிவிடுவார். செவ்வாய்க் கிரகத்தில் மாட்டிக்கொண்டாலும் அங்குள்ள இந்தியத் தூதரகம் உதவும் என்று 2017இல் அவர் பகிடியாக எழுதியது பலருக்கும் ஞாபகமிருக்கும். கட்டாரிலும் சவூதியிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் நமது உம்மாமாருக்கு இதன் அருமை நன்றாக விளங்கும்.

இரண்டாவது, தன் நாட்டின் முகத்தை அழகாகக் காட்டுவது. நோன்பு காலத்தில் தூதுவர் இப்தாரில் பேரீச்சம்பழம் சாப்பிடும் படம், பாடசாலைக்குக் கணினி கொடுக்கும் படம், பொங்கலுக்கும் வெசாக்குக்கும் வாழ்த்துப் போடும் படம் எல்லாம் இந்த வகைதான்.

மூன்றாவது, பகிரங்கமாகச் சண்டை பிடிப்பது. 2022 ஓகஸ்ட் 16ஆந் திகதி சீனாவின் யுவான் வாங் 5 கப்பல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு வந்தது. அது விஞ்ஞான ஆய்வுக் கப்பல் என்றது சீனா. இந்தியாவுக்கோ அது பாதுகாப்பு விடயம். அதையொட்டிச் சீனத் தூதுவர் எழுதிய கட்டுரைக்குக் கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் அதே மாதத்தில் டுவிட்டரில் பதிலடி கொடுத்தது. தூதுவர் அடிப்படை இராஜதந்திர நாகரிகத்தை மீறிவிட்டார் என்ற அளவுக்கு அதன் வார்த்தைகள் சூடாக இருந்தன. இரண்டு பெரிய நாடுகள் மூன்றாவது நாட்டின் முற்றத்தில் நின்று, அந்த வீட்டுக்காரர் கேட்கும்படி, ஒன்றையொன்று ஏசிக்கொண்டன.

நான்காவது, ஆழம் பார்ப்பது. ஒரு யோசனையைப் பகிரங்கமாகச் சொல்லிவிட்டு யார் யார் எதிர்க்கிறார்கள் என்று பார்ப்பது. எதிர்ப்பு பலமாக வந்தால் பேச்சுவார்த்தைதான் நடந்தது, முடிவொன்றும் எடுக்கவில்லை என்று சொல்லிவிடலாம்.

ஐந்தாவதுதான் மிகவும் நுட்பமானது. கொடுத்த வாக்கை வாழ்த்திப் பூட்டுவது. ஓர் அரசு வாய்தவறியோ மனமொப்பியோ ஒரு வாக்குறுதி கொடுத்துவிட்டால், மற்ற நாடுகள் உடனே அதை வரவேற்று எழுதும். வரவேற்பு மரியாதைதான். ஆனால் உலகமே பார்த்த வாக்குறுதியிலிருந்து பின்வாங்குவது கஷ்டம். முற்றத்தில் நாலு பேருக்கு முன்னால் மாமா "மருமகன் காணியைத் தாறதாகச் சொன்னது பெரிய சந்தோசம்" என்று சொல்லிவிட்டால், மருமகனுக்குப் பிறகு மாற்றிச் சொல்ல வாய் வருமா?

கடைசி இரண்டு வகைக்கும் உலகத்தில் எங்கும் தேடிப் போகத் தேவையில்லை. நமது ஜனாஸா விவகாரமே போதும்.

என்ன நடந்தது: திகதி வரிசையில்

2020 மார்ச் மாதம் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட வழிகாட்டலில் கொரோனாவால் இறந்தவர்களை அடக்கவும் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்றிருந்தது. அந்த மாதம் 30ஆந் திகதி நீர்கொழும்பில் மரணித்த முஸ்லிம் ஒருவரின் ஜனாஸா எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11ஆந் திகதி வெளியான அதிவிசேட வர்த்தமானி எரிப்பதை மட்டுமே ஒரே வழியாக ஆக்கியது. நிலத்தடி நீர் மாசுபடும் என்பது சொல்லப்பட்ட காரணம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன. 2020 டிசம்பர் 1ஆந் திகதி விசாரணைக்கு எடுக்காமலே அவை தள்ளுபடியாகின. அந்த மாதமே பிறந்து 20 நாளான ஒரு சிசுவின் உடல் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. அதன் பிறகு பொரளை மயானத்தின் இரும்புக் கேற்றில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, எல்லா இனத்தவரும் கட்டினார்கள். கட்டிய துணிகள் அகற்றப்பட்டதும் அவரவர் வீட்டு வேலியில் கட்டிப் படமெடுத்துச் சமூக ஊடகங்களில் போட்டார்கள். அந்தப் படங்கள் கடல் கடந்து போயின.

டிசம்பர் 14ஆந் திகதி மாலைதீவின் வெளிவிவகார அமைச்சர் அப்துல்லா ஷாஹித் டுவிட்டரில் ஒரு பதிவு போட்டார். இலங்கை முஸ்லிம்களின் ஜனாஸாக்களை மாலைதீவில் அடக்க உதவும்படி ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ கேட்டிருப்பதாகவும், அதைப் பற்றித் தமது ஜனாதிபதி ஆலோசித்துவருவதாகவும் அதில் சொல்லியிருந்தார். இலங்கை முஸ்லிம்களுக்கு அந்தச் செய்தி கொழும்பிலிருந்து வரவில்லை. மாலே நகரத்திலிருந்து ஒரு டுவீட்டாக வந்தது! ஆழம் பார்ப்பது என்று மேலே சொன்னதை இங்கே காணலாம். இதை அனுதாபம் என்று எடுத்தவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலானோர் கேட்ட கேள்வி வேறு. பிறந்த மண்ணில் ஆறடி நிலம் இல்லை என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மத சுதந்திரத்துக்கான ஐ.நா. விசேட அறிக்கையாளராக அப்போது இருந்த அஹமட் ஷஹீத் மாலைதீவின் முன்னாள் வெளிவிவகார அமைச்சர். அவரே இந்த யோசனையை ஆட்சேபித்தார். யோசனை நடைமுறைக்கு வரவில்லை.

2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலில் இருந்து பொலிகண்டி வரை பேரணி நடந்தது. அதன் கோரிக்கைகளில் ஜனாஸா எரிப்பை நிறுத்துவதும் ஒன்று. நமது மாவட்டத்தின் ஊடாகத் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். இதை இங்கே குறிப்பதற்குக் காரணமுண்டு, பின்னர் சொல்கிறேன்.

பெப்ரவரி 10ஆந் திகதி பாராளுமன்றத்தில் ஒரு கேள்விக்குப் பதிலளித்த பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ அடக்கம் செய்ய அனுமதிக்கப்படும் என்றார். அன்றைக்கே இம்ரான் கான் அந்த உறுதிமொழியை வரவேற்று டுவிட்டரில் எழுதினார். அமெரிக்கத் தூதுவர் அலைனா டெப்லிட்ஸும் வரவேற்றார். இதுதான் ஐந்தாவது வகை. வாய்மொழி வாக்கை உலகத்துக்கு முன்னால் பூட்டினார்கள். ஆனால் பூட்டு உடனே பிடிக்கவில்லை. மறுநாளே நிபுணர் குழுதான் முடிவெடுக்கும் என்று அரச தரப்பு சொன்னது. வட்ஸ்அப்பில் வாழ்த்துச் சொன்ன கைகள் ஓய்வதற்குள் எல்லாம் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

பெப்ரவரி 23, 24ஆந் திகதிகளில் இம்ரான் கான் கொழும்புக்கு வந்தார். அவர் பாராளுமன்றத்தில் உரையாற்றுவது ஏற்கனவே இரத்துச் செய்யப்பட்டிருந்தது. 25ஆந் திகதியிட்ட வர்த்தமானி அடக்கத்துக்கு அனுமதி கொடுத்தது. அடுத்த நாள் இம்ரான் கான் நன்றி தெரிவித்து மறுபடியும் டுவீட் போட்டார். வகுப்பில் மாணவன் நினைவில் வைத்திருந்தது இந்தக் கடைசிக் காட்சியைத்தான்.

கதை அதோடு முடியவில்லை. மார்ச் 2ஆந் திகதி அடக்கம் செய்யும் இடமாக இரணைதீவு அறிவிக்கப்பட்டது. அங்குள்ள மீனவ மக்கள் எதிர்த்தார்கள். அவர்களிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. கடைசியில் நமது ஓட்டமாவடி, மஜ்மா நகர் நிலம் கொடுத்தது. மார்ச் 5ஆந் திகதி முதல் ஜனாஸாக்கள் அங்கே அடக்கப்பட்டன. 2022 மார்ச்சில் எந்த மையவாடியிலும் அடக்கலாம் என்ற அனுமதி வரும்வரை நாடெங்குமிருந்து 3,600க்கும் மேற்பட்ட உடல்கள் அந்த மண்ணுக்கு வந்தன. பிற சமயத்தவரும் அங்கே உறங்குகிறார்கள். அந்த நிலத்துக்காக யாரும் டுவீட் போடவில்லை.

பதிவில் இல்லாத ஜெனீவா

இம்ரான் கான் கொழும்புக்கு வந்த அதே நாட்களில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 46ஆவது கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. அது பெப்ரவரி 22ஆந் திகதி தொடங்கியிருந்தது. இலங்கை பற்றிய ஒரு பிரேரணை அங்கே வர இருந்தது. வாக்களிக்கும் 47 நாடுகளில் பல முஸ்லிம் நாடுகளும் இருந்தன. அந்த வாக்குகள் இலங்கைக்கு வேண்டியிருந்தன.

மார்ச் 23ஆந் திகதி 46/1 இலக்கத் தீர்மானம் நிறைவேறியது. ஆதரவு 22, எதிர்ப்பு 11, நடுநிலை 14. எரிக்கப்பட்ட ஜனாஸாக்களைப் பற்றி அந்தத் தீர்மானத்தின் வாசகத்திலேயே கவலை தெரிவிக்கப்பட்டிருந்தது. கொரோனாக் கால நடவடிக்கைகள் முஸ்லிம் சமூகத்தை ஓரங்கட்டின என்பதும் அதில் இருந்தது. அந்தத் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்த நாடுகளில் பாகிஸ்தானும் பங்களாதேஷும் இருந்தன. இந்தோனேசியாவும் பஹ்ரைனும் நடுநிலை வகித்தன.

இதைச் சொல்வது பாகிஸ்தானைக் குறை சொல்வதற்காக அல்ல. ஒரு நாடு இன்னொரு நாட்டோடு கொண்டுள்ள உறவு ஒரு சமூகத்தின் துயரத்தைவிட அகலமானது. பாதுகாப்பு, வர்த்தகம், இந்தியாவுடனான கணக்கு, சீனாவுடனான கணக்கு எல்லாம் அதற்குள் இருக்கும். ஜனாஸாவுக்காகக் கதைத்துக்கொண்டே ஜெனீவாவில் அரசின் பக்கம் நிற்பது அந்தக் கணக்கில் முரண்பாடல்ல. நமக்குத்தான் அது முரண்பாடாகத் தெரிகிறது. ஏனென்றால் டுவீட்டை நாம் பார்த்தோம். வாக்களிப்புப் பட்டியலைப் பார்க்கவில்லை. டுவீட் நமது தொலைபேசிக்குத் தானாக வந்தது. பட்டியலை நாம் தேடிப் போக வேண்டும். அரசுகள் சமூக ஊடகத்தைப் பயன்படுத்துவதன் சூட்சுமமே இதுதான். காட்ட விரும்புவது வீடு தேடி வரும். மற்றது அலுவலகக் கோப்பில் இருக்கும்.

முகத்துவாரம் வெட்டுவது போல

அப்படியென்றால் அந்த டுவீட்டால் ஒரு பிரயோசனமும் இல்லையா என்று அந்த மாணவன் திரும்பக் கேட்டான். நியாயமான கேள்வி. அவனுக்கு வாவியை வைத்துத்தான் பதில் சொன்னேன்.

மாரியில் மட்டக்களப்பு வாவி நிரம்பித் தாழ்ந்த நிலத்து வீடுகளுக்குள் தண்ணீர் ஏறும்போது முகத்துவாரத்தை வெட்டுவார்கள். மணல்திட்டில் முதலில் வெட்டுவது ஒடுங்கிய வாய்க்கால்தான். மிச்சத்தை வெட்டுவது தண்ணீர். வாவி நிரம்பாத காலத்தில் அதே இடத்தில் வெட்டினால் மணல் திரும்ப மூடிவிடும். வெட்டியவரும் வேண்டும், பின்னால் நிரம்பி நின்ற தண்ணீரும் வேண்டும். படமெடுப்பவர் வெட்டுபவரைத்தான் எடுப்பார்.

ஜனாஸா விவகாரத்தில் தண்ணீரை நிரப்பியவர்கள் பலர். நீதிமன்றம் போனவர்கள், எரிப்பதற்குக் கையொப்பமிட மறுத்த குடும்பங்கள், வெள்ளைத் துணி கட்டியவர்கள், நிலத்தடி நீர்க் கதைக்கு விஞ்ஞானத்தால் பதில் சொன்ன வைத்தியர்கள், பாராளுமன்றத்தில் பேசிய தமிழ், சிங்கள, முஸ்லிம் உறுப்பினர்கள், பொத்துவிலில் இருந்து நடந்தவர்கள், ஐ.நா. அறிக்கையாளர்கள், இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு. இவற்றோடு ஜெனீவாவின் நாட்காட்டியும் சேர்ந்தது. அந்த நேரத்தில் ஓர் அயல்நாட்டுப் பிரதமர் மண்வெட்டி பிடித்தார். அதற்கு நன்றி சொல்லலாம். ஆனால் தண்ணீரை மறந்துவிட்டு மண்வெட்டியை மட்டும் கொண்டாடினால், அடுத்த முறை வெள்ளம் ஏறும்போது நாம் ஒன்றும் செய்யாமல் இன்னொரு மண்வெட்டி வருமா என்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருப்போம். எனக்குப் பயம் அதுதான்.

அதே கம்பியில் வரும் நஞ்சு

தூதுவரின் செய்தி வரும் அதே வழியால்தான் வெறுப்பும் வருகிறது. 2018 மார்ச்சில் திகன பக்கம் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது பேஸ்புக் பதிவுகள் அந்த நெருப்புக்கு எண்ணெயாக இருந்தன. அரசு பேஸ்புக், வட்ஸ்அப் முதலியவற்றை ஒரு வாரமளவுக்கு முடக்கியது. 2020 மே மாதத்தில் பேஸ்புக் நிறுவனமே தனது தளம் அவ்வாறு துஷ்பிரயோகம் செய்யப்பட்டதற்காக மன்னிப்புக் கேட்டது. 2019இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகும் 2022 ஏப்ரலில் போராட்டக் காலத்திலும் மறுபடி முடக்கம் வந்தது. அதாவது வெளிநாட்டவரோடு கதைப்பதற்கு அரசு பயன்படுத்தும் அதே ஊடகத்தை, தன் மக்கள் தங்களுக்குள் கதைக்கும்போது பூட்டவும் செய்கிறது.

வெளிநாட்டுத் தூதரகத்தின் ஓர் அறிவித்தல் நமது சோற்றிலும் கை வைக்கும். 2024 ஒக்டோபர் 23ஆந் திகதி அமெரிக்கத் தூதரகம் அறுகம்பைப் பகுதியில் உல்லாசப் பயணிகள் கூடும் இடங்களில் தாக்குதல் நடக்கலாம் என்று தன் பிரஜைகளுக்கு எச்சரிக்கை விடுத்தது. இஸ்ரேல் தன் பிரஜைகளை வெளியேறச் சொன்னது. தன் மக்களை எச்சரிப்பது தூதரகத்தின் கடமை. ஆனால் அந்த அறிவித்தல் சமூக ஊடகங்களில் அன்றைக்கே உலகம் சுற்றியது. வீதியில் பொலிஸாரும் படையினரும் நின்றார்கள். பொத்துவிலில் ஆட்டோ ஓட்டுகிறவரும் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவரும் அந்த அறிவித்தலுக்குப் பதில் எழுத முடியாது. பழைய காலத்துத் தூது அரசனை மட்டும் கலங்கவைத்தது. இந்தத் தூது வாடகை கட்ட வேண்டியவரையும் கலங்கவைக்கிறது.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவை

இலக்கியம் படிப்பிக்கும்போது ஒரு பாடலை யார் பாடியது, யாரை நோக்கிப் பாடியது, எந்தச் சூழலில் பாடியது என்று கேட்போம். திணையும் துறையும் இல்லாமல் புறப்பாட்டை விளங்க முடியாது. டுவீட்டையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும்.

யார் சொல்கிறார்? நபி (ஸல்) அவர்கள் அயல்நாட்டு மன்னர்களுக்குக் கடிதம் அனுப்ப முனைந்தபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் வாசிக்க மாட்டார்கள் என்று சொல்லப்பட்டதால் வெள்ளி மோதிரத்தில் முத்திரை செய்வித்தார்கள் என்பதை நாமெல்லாம் படித்திருக்கிறோம். சமூக ஊடகத்தில் நீல நிற அடையாளம் ஒரு காலத்தில் முத்திரை மாதிரி இருந்தது. 2022இன் இறுதியிலிருந்து டுவிட்டரில் அதைக் காசு கொடுத்து வாங்கலாம். எனவே முத்திரையை மட்டும் நம்ப முடியாது. உத்தியோகபூர்வமான இணையத்தளத்திலும் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதவியில் இருப்பவர் எழுதினாலும் அது அரசின் கருத்தா, அவருடைய சொந்தக் கருத்தா என்ற சிக்கல் வரும். 2024 ஜனவரியில் மாலைதீவின் பிரதி அமைச்சர்கள் மூவர் இந்தியப் பிரதமரை இழிவாக எழுதினார்கள். அது அரசின் கருத்தல்ல என்று சொல்லி அந்த அரசு அவர்களை இடைநிறுத்தியது. அதற்குள் இரு நாட்டு உறவும் கெட்டு, மாலைதீவைப் பகிஷ்கரிக்கும் அழைப்பு இந்தியா முழுக்கப் பரவிவிட்டது.

யாருக்குச் சொல்கிறார்? எந்த மொழியில் எழுதியிருக்கிறார் என்பதே பாதி விடையைத் தரும். இம்ரான் கானின் பதிவு ஆங்கிலத்தில் இருந்தது. அது கொழும்புக்கும் உலகத்துக்கும் எழுதப்பட்டது. நமக்கு அது வழியில் கிடைத்தது.

எப்போது சொல்கிறார்? அதே வாரத்தில் வேறெங்கே என்ன கூட்டம், என்ன வாக்கெடுப்பு, என்ன கடன் பேச்சு நடக்கிறது?

எதைச் சொல்லாமல் விடுகிறார்?

கடைசியாக, அதன் பின்னால் என்ன கடதாசி வந்தது? இதுதான் முக்கியமானது. 2018 புத்தாண்டு நாளில் டொனால்ட் டிரம்ப் பாகிஸ்தானைக் கடுமையாகத் தாக்கி டுவீட் போட்டார். சில நாட்களில் அமெரிக்கா பாதுகாப்பு உதவியை நிறுத்திவைத்தது. அங்கே டுவீட்டுக்குப் பின்னால் முடிவு வந்தது. நமது விடயத்தில் பெப்ரவரி 10ஆந் திகதி டுவீட்டுக்குப் பின்னால் கடதாசி வரவில்லை. 25ஆந் திகதி வர்த்தமானி வந்தது. அந்தப் பதினைந்து நாளும் ஜனாஸாக்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டு காத்திருந்த குடும்பங்களைக் கேட்டால் டுவீட்டுக்கும் வர்த்தமானிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்வார்கள்.

2024 ஜூலையில் அமைச்சரவை, கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோரும் தீர்மானத்தை எடுத்தது. எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்ற கணக்கும் அப்போது வெளிவந்தது. அந்த 276 குடும்பங்களுக்கும் போய் நின்று துஆக் கேட்க ஒரு கபுறு இல்லை. ஓட்டமாவடியில் கபுறு உள்ளவர்களும் நாட்டின் மறுகோடியிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். இந்த மக்களிடம் அந்த நாட்களின் ஆவணங்கள் இருக்கின்றன. வைத்தியசாலைத் துண்டு, பொலிஸ் கடிதம், மறுப்புக் கடிதத்தின் பிரதி, தொலைபேசியில் எடுத்த படம். பதிவுகள் அழிக்கப்படலாம்; கணக்குகள் மூடப்படலாம்; தளத்தின் பெயரே மாறிவிட்டது. ஒவ்வொரு ஊர்ப் பள்ளிவாசலிலும் பாடசாலை நூலகத்திலும் இந்த ஆவணங்களின் பிரதிகளைத் திகதி வாரியாகக் கோவையில் இட்டு வைப்பது பெரிய செலவான காரியமல்ல. உயர்தர மாணவர்களைக் கொண்டே செய்விக்கலாம். டுவீட்டின் படத்தையும் அதில் ஒட்டுங்கள். வர்த்தமானியின் பிரதியையும் ஜெனீவா வாக்களிப்புப் பட்டியலையும் மஜ்மா நகர்ப் பதிவேட்டின் கணக்கையும் அதற்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். நாலையும் சேர்த்து வாசிக்கும் பிள்ளைக்கு, அந்த வகுப்பில் எழுந்த கேள்விக்கு என்னைவிட நல்ல பதில் கிடைக்கும்.